உப்புநீர் கண்ணீர் ஆகாது

அண்மையில் எனது புறநோயாளர் பிரிவுக்கு ஒரு பெண் வந்திருந்தார். சுங்குவார்சத்திரம் அருகே விடுதியில் தங்கி, மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர். முன்னர் மருந்து ஒவ்வாமையால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்கு ஆளாகி உயிர் பிழைத்தவர். அதன் எச்சமாகக் கண்ணீர்ச் சுரப்பு பெரிதும் குன்றிவிட்டது. அவரது கைப்பையில் பாதி தீர்ந்த சலைன் புட்டி ஒன்று இருந்தது. அதன் ரப்பர் மூடியில் ஊசியைச் செலுத்திச் சிறிது சிறிதாக எடுத்து, ஒரு வாரமாகக் கண்ணில் விட்டு வந்திருக்கிறார்.

"ஏனம்மா இப்படி?" என்றேன்.

"நீங்கள் எழுதிக் கொடுத்த மருந்து இங்கே எந்தக் கடையிலும் இல்லை, டாக்டர். வேறு சொட்டு மருந்து விட்டால் எரிகிறது. சலைனில் பிரிசர்வேட்டிவ் இல்லை என்று கடைக்காரர் சொன்னார்" என்றார்.

கடைக்காரர் சொன்னது பொய்யன்று. ஆயினும் அது பாதி உண்மையே.

திறந்த சொட்டு மருந்துப் புட்டியில் கிருமி வளராமலிருக்கப் பதப்பொருள் சேர்க்கிறார்கள். அவற்றுள் மிகப் பரவலானது பென்சல்கோனியம் குளோரைடு. நாளுக்கு ஓரிரு முறை மருந்து இடுவோரில் பெரும்பாலோருக்கு இதனால் தொல்லையில்லை. மணிக்கொரு முறை இட வேண்டிய கடும் கண் வறட்சியிலோ நிலைமை வேறு. அதைக் கழுவி வெளியேற்றக் கண்ணில் கண்ணீர் இல்லை. தேங்கி நிற்கும் அப்பொருள் கண்ணின் மேற்பரப்புச் செல்களை மெல்லச் சிதைக்கிறது. நோய் தீர்க்க இடும் மருந்தே நோயை வளர்க்கிறது. ஆகவேதான் நாளுக்கு நான்கு முறைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்படுவோருக்குப் பதப்பொருளற்ற மருந்தைப் பரிந்துரைக்கிறோம்.

அப்படியானால் சலைன் போதாதா? போதாது. 100 மில்லி நீரில் 0.9 கிராம் உப்பு என்பதே சலைன். இயற்கைக் கண்ணீரில் ஆவியாவதைத் தடுக்கும் எண்ணெய்ப் படலமும், ஈரத்தைக் கண்ணோடு ஒட்டவைக்கும் சளிப்பொருளும், கிருமியை எதிர்க்கும் புரதங்களும் உள்ளன. சலைன் சில நிமிடம் இதம் தந்து, எஞ்சியிருக்கும் கண்ணீரையும் உடன்கொண்டு வழிந்துவிடும். திறந்த புட்டியில் கிருமி புகுந்தாலோ அதைத் தடுக்க அதில் எதுவுமில்லை. வீட்டில் காய்ச்சிக் கலக்கும் உப்புநீருக்கும் இது பொருந்தும்.

இது வீண் அச்சமன்று. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பகுதியில் குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவில் எஸ்ரிகேர் என்னும் பெயரில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர் 2023 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. அது பதப்பொருளற்றது, ஆனால் பலமுறை பயன்படுத்தும் புட்டியில் அடைக்கப்பட்டது. அதனோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் கிருமித் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரிடம் கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், தாங்கள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றனர். அமெரிக்க ஆய்வாளர்களோ ஆலையின் கிருமிநீக்க நடைமுறைகளில் குறைகளைப் பதிவு செய்தனர். நோயாளி அறிய வேண்டியது ஒன்று: 'பதப்பொருளற்றது' என்ற சொல் மட்டுமே காப்பாகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறு குப்பியாகவோ, காற்றும் கிருமியும் உட்புகாத வால்வு பொருத்திய புட்டியாகவோ அது இருக்க வேண்டும்.

அப்பெண்ணின் செயலுக்கு அவரை மட்டும் குறைகூற எனக்கு மனமில்லை. நான் மருந்தின் பெயரை எழுதினேன்; அது எங்கே கிடைக்கும், மாதம் எவ்வளவு செலவாகும், கிடைக்காவிடில் என்ன செய்வது என்று சொல்லவில்லை. விலை கூடுதல், கேட்போர் குறைவு என்பதால் சிறு கடைகள் இம்மருந்தை வாங்கி வைப்பதில்லை. இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை காரும் கைபேசியும் உருவாகும் வட்டாரத்தில், ஒரு சிறு குப்பிக்காகத் தொழிலாளி சம்பளத்தை இழந்து சென்னைக்குப் பேருந்து ஏறுவது முறையன்று. எல்லாருக்கும் இம்மருந்து தேவையில்லை என்பது உண்மையே. தேவைப்படும் சிலருக்கு அது தடையின்றிக் கிடைக்க மருத்துவமனை மருந்தகங்களும், இ.எஸ்.ஐ. மருந்தகங்களும், ஆலைகளின் மருத்துவ அறைகளும் சிறிதளவேனும் இருப்பு வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை சில. மருந்துச் சீட்டைப் பெறும்போதே, கிடைக்காவிடில் மாற்று என்ன என்று கேளுங்கள். காலியான அட்டையை மறுமுறை எடுத்து வாருங்கள். ஒருமுறைக் குப்பியை மறுநாளுக்கு மிச்சம் வைக்காதீர்கள். குளிரூட்டியின் காற்று முகத்தில் நேரே படும் இடத்தில் பணியென்றால் மேற்பார்வையாளரிடம் இடமாற்றம் கேளுங்கள். சீட்டு எழுதித்தர நாங்கள் ஆயத்தமாக உள்ளோம். கண்வலி, பார்வை மங்கல், சீழ் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே வாருங்கள். வேதிப்பொருள் கண்ணில் தெறித்தால் மட்டும் சலைனைத் தேடி நேரம் கடத்தாமல், தூய குழாய் நீரால் உடனே 15 நிமிடமேனும் கழுவிக்கொண்டு, பின் விரைந்து வாருங்கள்.

அப்பெண்ணின் கருவிழியில் சிறு சிராய்ப்பு மட்டுமே இருந்தது, தொற்று இல்லை. இம்முறை அவர் தப்பினார். அடுத்தவர் தப்புவதை நற்பேற்றின் கையில் விடலாகாது.