பல்லைப் பார்த்துக் கொடுப்போம்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. நம் கல்லூரித் தமிழ் மன்ற விழாவிலும் ஆண்டுதோறும் அந்தத் தேர் ஒரு முறையேனும் உருண்டு வந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாரி கொடுத்தது எந்தத் தேர்? அச்சு முறிந்து கொட்டிலில் கிடந்த தேரா? அன்று, தான் ஏறிச் சென்ற தேர். பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த கொடிக்கு அப்போது வேண்டியிருந்ததும் ஒரு பற்றுக்கோடுதான். கொடுத்தவனுக்கும் அது பயன்பட்ட பொருள். பெற்ற கொடிக்கும் பயன்பட்ட பொருள். அதனால்தான் அது கொடை.

இன்று நாம் கொடுக்கும் தேர்கள் எப்படி இருக்கின்றன? நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் தொழில் செய்பவர். பதினோரு ஆண்டுகள் அவருக்கு உழைத்தது ஒரு சரக்கு வண்டி. நம் மக்கள் "குட்டி யானை" என்று செல்லமாக அழைப்பார்களே, அந்த வகை. புது வண்டி வாங்கியதும், பழையதைத் தரகரிடம் தள்ளிவிட மனமில்லாமல், ஊருக்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். வண்டிக்கு மாலை, பெரியப்பாவுக்குப் பொன்னாடை, சாவியைக் கொடுக்கும்போது புகைப்படம். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

எட்டு மாதம் கழித்து, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களாக அதே இல்லத்துக்குத் துப்புரவுப் பணிக்குச் சென்றோம். வேப்ப மரத்தடியில் குட்டி யானை நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரங்களிலும் காற்றில்லை. பின்புறத் தட்டில் விறகு அடுக்கியிருந்தார்கள். இல்லத்தை நடத்தும் அம்மாவிடம், "ஏன் ஓட்டவில்லை?" என்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க பெரியப்பா நல்ல மனசோடதான் கொடுத்தார் தம்பி. ஆனா இதை ரோட்டுல ஏத்தணும்னா எங்க ஒரு மாச அரிசிப் பணம் போயிடும். வேண்டாம்னு சொல்லலாம்தான். சொன்னா நாளைக்கு யாரு எதைக் கொடுப்பாங்க? அதான் வாங்கி வெச்சுக்கிட்டோம்."

நண்பர்களே, அந்தக் கடைசி வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை. ஏற்பவருக்கு மறுக்கும் உரிமைகூட இல்லாத இடத்தில் நாம் கொடுக்கிறோம்!

கணக்கைப் பாருங்கள். சரக்கு வண்டி எட்டு ஆண்டைக் கடந்துவிட்டால், ஆண்டுதோறும் சோதனைக்குக் காட்டித் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்கு முன் பட்டறையில் தகர வேலை, வண்ணப் பூச்சு, பிரேக் பழுது என்று செலவு. காப்பீடு தனி. டயர் தனி. டீசல் தனி. ஓட்டுநருக்குச் சம்பளம் தனி. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது குட்டி யானைக்கும் பொருந்தும்!

அதுவும் போகட்டும். அந்த இல்லத்தின் உண்மையான தேவை என்ன? நடக்க இயலாத முதியவர்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது. சரக்கு வண்டியின் பின்தட்டில் ஆட்களை ஏற்றுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது. ஆகவே முற்றத்தில் ஒரு வண்டி நிற்க, வாசலில் ஆட்டோவுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பாவும் ஓர் ஆபத்தில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாவி கைமாறியதே தவிர, பதிவுச் சான்றில் பெயர் மாறவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை மாற்றிக் கொடுப்பவர் 14 நாட்களுக்குள் அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பல கை மாறிய ஒரு வண்டியின் விபத்து வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொன்னாடை போர்த்திக்கொண்டவர் நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்திருக்கலாம்.

"ஏதோ கொடுக்கிறார்களே! கொடுக்காதவர்களைவிட இவர்கள் மேல் அல்லவா?" என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். நியாயமான கேள்விதான். பழைய பொருளைக் கொடுக்கவே கூடாது என்பது என் வாதமன்று. நல்ல நிலையில் ஓடும் பழைய வண்டி, தோட்டமும் மாட்டுப் பண்ணையும் வைத்திருக்கும் ஓர் இல்லத்துக்குப் புதையல் போன்றது. ஆனால் நமக்கு இடத்தை அடைக்கும் சுமையைப் பிறர் வீட்டு முற்றத்தில் இறக்கிவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்ப்பது கொடை ஆகுமா? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகைப் பகுதிச் சாலையோரங்களில் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்த பழந்துணிகளை மறந்துவிட்டோமா?

அமெரிக்காவில் பழைய கார்களையும் சரக்கு வண்டிகளையும் அறநிலையங்களுக்குக் கொடுத்து வரிச்சலுகை பெறும் வழக்கம் பெரிதும் உண்டு. காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டிக்குக்கூடப் பெரிய மதிப்பு எழுதிக்கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். 2004இல் ஒரு சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. 500 டாலருக்கு மேல் சலுகை கோரினால், வண்டியை விற்று அந்நிலையம் உண்மையில் பெற்ற தொகையே பொதுவாகக் கணக்கு. அந்நிலையமே வண்டியைத் தன் பணிக்குக் குறிப்பிடத்தக்க அளவில் ஓட்டினால் விதிவிலக்கு உண்டு. கொடுத்தவர் சொல்லும் மதிப்பு அன்று, பெற்றவர் அடைந்த பயனே அளவுகோல் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அந்த அளவுகோலை நாம் சட்டம் இல்லாமலேயே கைக்கொள்ளலாகாதா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. அது வாங்குபவருக்குச் சொன்னது. அவர் பார்க்கக் கூடாது என்றால், கொடுப்பவர் அல்லவா முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்? கொடுக்குமுன் கேட்போம்: உங்களுக்கு இது வேண்டுமா? நடத்த வசதி உண்டா? இல்லை என்றால் வேறு எது உதவும்? வேண்டும் என்றால், தகுதிச் சான்றும் காப்பீடும் முடித்து, பெயரையும் மாற்றி, அதன் பிறகு சாவியைக் கொடுப்போம். ஓடாத வண்டி என்றால் விற்றுப் பணத்தைக் கொடுப்போம். பணத்துக்குப் பொன்னாடை கிடைக்காமற் போகலாம், அரிசி கிடைக்கும்.

பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே இல்லத்துக்குப் போனார். அந்த அம்மாவின் சம்மதத்துடன் வண்டியை விற்று, வந்த தொகை முழுவதையும் ஆட்டோ வாடகைக்கென்று கொடுத்தார். இப்போது திங்கட்கிழமைதோறும் அவருடைய புது வண்டி சந்தையிலிருந்து திரும்பும் வழியில் அந்த இல்லத்தின் வாசலில் நிற்கிறது. ஒரு மூட்டை காய்கறி இறங்குகிறது. மாலை இல்லை, புகைப்படம் இல்லை.

ஓடுகின்ற தேர் அது. பாரி கொடுத்ததும் அப்படிப்பட்ட தேர்தான்.

— மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்