கட்சி இல்லாத குழந்தை

சூளகிரிக்காரர்களுக்கு ஒரு விசேஷ சாமர்த்தியம் உண்டு. ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு விலை பேசி முடிப்பதற்குள் ராஜ்ய நிர்வாகம் முழுவதையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். அதுவும் ஒரே பாஷையில் அல்ல. தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் கோபித்துக்கொண்டு, கன்னடத்தில் சமாதானமாகிக் கலைவார்கள். ஆனால் கொரோனாக் காலத்தில் எந்தக் கட்சி ஜனங்களைக் காப்பாற்றியது, எந்தக் கட்சி கெடுத்தது என்ற ஒரு சர்ச்சை மட்டும் மூன்று பாஷையிலும் இன்னும் சமாதானத்துக்கு வந்தபாடில்லை.

நமக்கு எந்தக் கட்சியிடமும் விரோதமும் இல்லை, விசேஷப் பிரேமையும் இல்லை. விடைத்தாள் திருத்துவது நமது தொழில். ஆகையால் இரு கட்சியாரின் விடைத்தாள்களையும் அருகருகே வைத்து, தேதிவாரியாகப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். பார்த்ததில் ஒரு விசித்திரம் தெரிந்தது. எழுதியவர்கள் இருவர், விடைகளோ ஒன்றுக்கொன்று காப்பி அடித்தவை போல் இருக்கின்றன. முதல் வருஷம் ஒருவர் எழுதியதை மறு வருஷம் மற்றவர் எழுதியிருக்கிறார்!

முதலில் நமது ஜில்லாவின் சங்கதி. 2020 மார்ச்சு 24-ந் தேதி இரவு தேசமெங்கும் ஊரடங்கு பிரகடனமாயிற்று. மே மாதம் முதல் தேதியன்று மத்திய சர்க்கார் ஜில்லாக்களுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வர்ணம் பூசியபோது, தமிழ்நாடு முழுவதிலும் பச்சை வர்ணம் பெற்றது கிருஷ்ணகிரி ஒன்றுதான். அந்தப் பெருமை சில தினங்களே நிலைத்தது. பெருமை இருந்த நாளிலும் விவசாயிக்கு ஆறுதல் இல்லை. ஓசூர் வட்டாரத்து ரோஜாவும் சாமந்தியும், கோயிலும் கல்யாணமும் இல்லாமல் செடியிலேயே உதிர்ந்தன. தக்காளியைப் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டி வரவில்லை. ஓசூர்த் தொழிற்பேட்டையில் யந்திரங்கள் நின்றன. எல்லைக்கு அப்பால் வேலை, இப்பால் வீடு என்றிருந்தவர்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே இ-பாஸுக்குக் காத்து நின்றார்கள்.

இது நம் எல்லைக்குப் புதிதும் அல்ல. 1898-ல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது, அக்காலத்துச் சென்னை சர்க்கார் நோய் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்களுக்குப் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சில தினங்கள் அதிகாரியின் முன் ஆஜராகி உடம்பைக் காட்ட வேண்டும். நோய் எந்த நூற்றாண்டில் வந்தாலும் முதலில் அகப்படுகிறவன் எல்லையைக் கடந்து வயிறு வளர்க்கிறவன்தான்.

இனி விடைத்தாள்களைப் பார்ப்போம். 2020 மே 7-ந் தேதி அ.தி.மு.க. சர்க்கார் டாஸ்மாக் கடைகளைத் திறந்தது. அண்டை ராஜ்யங்களில் திறந்துவிட்டார்கள், நம்மவர்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தி.மு.க.வினர் அன்று கறுப்புடை அணிந்து ஆட்சேபித்தார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் கடைகளை மூடச் சொல்லிற்று. 15-ந் தேதி உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கடைகள் மீண்டும் திறந்தன.

ஒரு வருஷம் சென்றது. ஆட்சி மாறிற்று. 2021 ஜூன் 14-ந் தேதி தி.மு.க. சர்க்கார் 27 ஜில்லாக்களில் மதுக்கடைகளைத் திறந்தது. கிருஷ்ணகிரியும் அவற்றுள் ஒன்று. இப்போது அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் கண்டித்தன. "தாய்மார்களின் கண்ணீர்" என்ற சொற்றொடர் மட்டும் ஒரு மேடையிலிருந்து இறங்கி எதிர்மேடையில் ஏறிக்கொண்டது.

பணவுதவியின் கதியும் அதுவே. 2020-ல் அரிசிக் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்களை, ஐயாயிரம் கொடுங்கள் என்று எதிர்க்கட்சியார் கேட்டார்கள். கேட்டவர்கள் 2021-ல் ஆட்சிக்கு வந்ததும் இரண்டு தவணையாக நாலாயிரம் கொடுத்தார்கள். நாலாயிரம் ஆயிரத்தைவிடப் பெரிது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஐயாயிரத்தைவிடச் சிறிது என்பதையும் மறைப்பதற்கில்லை. கஜானாவின் சாவி கைக்கு வந்தவுடன் எல்லாருக்கும் கணிதம் நன்றாக வந்துவிடுகிறது.

நிற்க. இவையெல்லாம் ஜனநாயகத்தில் சகஜம் என்று நேயர்கள் சொல்லலாம். ஆளுங்கட்சி பொறுப்போடு பேசுவதும் எதிர்க்கட்சி உரிமையோடு பேசுவதும் இருக்க வேண்டியவையே. பாதகமில்லை. ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் நடந்ததைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும்.

2020-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சையை நடத்துவதா, வேண்டாமா என்று ராஜ்யமே இரண்டுபட்டது. தேதி ஜூன் 1 என்றார்கள்; பிறகு ஜூன் 15 என்றார்கள்; எதிர்க்கட்சிகள் ஆட்சேபித்தன, நீதிமன்றம் கேள்வி கேட்டது; ஜூன் 9-ல் பரீட்சையே ரத்தாயிற்று. நவம்பர் 16-ந் தேதி ஒன்பதாம் வகுப்புக்கு மேலே பள்ளிகளைத் திறப்பதாக அறிவித்து, பெற்றோர்களின் அபிப்பிராயம் கேட்டு, திறப்பதை நிறுத்தினார்கள். 2021 ஜனவரி 19-ல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் திறந்தன. பிப்ரவரி 25-ந் தேதி ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேறினார்கள் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். மறுநாள் தேர்தல் தேதி வெளியாயிற்று. ஆட்சி மாறிய பின் ஜூன் 5-ந் தேதி பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையும் ரத்தாயிற்று.

இத்தனை வாதப் பிரதிவாதங்களிலும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையைப் பற்றி யாராவது சண்டையிட்டார்களா என்று நாம் தேடிப் பார்த்தோம். அகப்படவில்லை. காரணம் எளிது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பொதுப் பரீட்சை இல்லை. ஆகவே ரத்து செய்ய ஒன்றுமில்லை. ரத்து செய்ததற்கு மாலை வாங்கிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. பரீட்சை இல்லாத குழந்தைக்குக் கட்சியும் இல்லாமற் போயிற்று.

2020 மார்ச்சு மத்தியில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. சுமார் 19 மாதம்! நமது ஜில்லாவில் மதுக்கடை மூடியிருந்த நாட்களை இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் ஏறக்குறைய மூன்று மாதம் வரும். நடுவில் 2021 ஏப்ரல் 6-ந் தேதி, குழந்தைகளுக்குத் திறவாத எத்தனையோ ஆரம்பப் பள்ளிக் கதவுகள் வாக்காளர்களுக்காகத் திறந்தன. கரும்பலகை அருகில் வாக்கு இயந்திரம் வைத்தார்கள்.

நோய் பொய் என்று நாம் சொல்லவில்லை. 2021 மே மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பிராணவாயுவுக்குக் காத்து நின்றவர்களை மறந்தவர்கள்தாம் அப்படிப் பேசுவார்கள். அந்த மாதத்தில் பள்ளியைத் திறந்திருக்க வேண்டும் என்று புத்தியுள்ள எவரும் வாதிக்கமாட்டார். ஆனால் 19 மாதமும் மே மாதமாகவே இருக்கவில்லை. ஸ்வீடன் தேசத்தார் 2020-லேயே சிறு குழந்தைகளின் பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். அவர்கள் செய்தது நமக்கும் பொருந்துமா என்று ஆராய்ந்து, வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் அது ஒரு கொள்கை. இங்கே பேச்சே எழவில்லை. அமெரிக்காவிலோ பேச்சு எழுந்தது, ஆனால் வேறு விதமாக: அந்த வருஷம் எந்த வட்டாரத்தில் பள்ளி திறந்தது என்பது நோயின் அளவைவிட அவ்வட்டாரத்தாரின் கட்சியையே அதிகம் ஒத்திருந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். கட்சிக்குள் அகப்பட்டாலும் குழந்தைக்குக் கஷ்டம். கட்சியே இல்லாவிட்டாலும் கஷ்டம்.

இவ்விடத்தில் பழைய சண்டை ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது. ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1953-ல் முதன் மந்திரியாக இருந்தபோது, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைத் தினம் மூன்று மணியாகக் குறைத்தார். பாக்கி நேரத்தில் குழந்தை வீட்டுத் தொழிலைக் கற்கலாம். இருக்கிற உபாத்தியாயரைக் கொண்டே இரு மடங்கு குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் வாதம். இது குலக்கல்வி, உழுகிறவன் பிள்ளையை உழவிலேயே நிறுத்தும் சூழ்ச்சி என்று எதிரிகள் கொதித்தெழுந்தார்கள். சொந்தக் கட்சியிலேயே பிளவு கண்டது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். பின்வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அச்சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இப்போது தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் இரு பக்கத்தாரும் ஒரே கேள்விக்காகத்தான் மல்லுக்கு நின்றார்கள்: ஏழைக் குழந்தை தினம் எத்தனை மணி நேரம் பள்ளியில் இருக்கவேண்டும்? பாட நேரக் குறைவுக்காக ஒரு மந்திரிசபை போயிற்று. அதே நாட்டில் பின்னாளில் 19 மாதம் முழுநேரமும் போயிற்று. ஒரு மேசைகூட அதிரவில்லை.

இழப்பின் கணக்கு பிறகு வந்தது. தேசமெங்கும் கிராமக் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் 'ஏசர்' அறிக்கையின்படி, தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கக்கூடியவர் 2018-ல் நூற்றுக்கு 10.2, 2022-ல் 4.8. முந்தைய எண்ணே மெச்சத்தக்கதல்ல. அதிலும் பாதி கரைந்துவிட்டது. அதே காலத்தில் சர்க்கார் பள்ளியில் சேர்ந்த கிராமக் குழந்தைகள் நூற்றுக்கு 67.4-லிருந்து 75.7 ஆயினர். தகப்பனாரின் கூலி போயிற்று. தனியார் பள்ளிச் சம்பளம் கட்ட முடியவில்லை. குழந்தை சர்க்கார் பள்ளிக்கு வந்தது. பொருளாதாரம் என்று பத்திரிகைகள் தனிப் பக்கத்தில் போடும் விஷயம் இப்படித்தான் நமது வருகைப் பதிவேட்டில் வந்து உட்காருகிறது. நம் பக்கத்திலோ இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைக்குத் தமிழ் காதில் விழுகிற இடமே பள்ளிக்கூடம்தான். அதை மூடிவிட்டுக் கல்வித் தொலைக்காட்சியைப் பார் என்றால், அக்குழந்தை படத்தைப் பார்க்கும், பாடத்தைப் பார்க்குமா?

பரிகாரமும் வந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 2021 அக்டோபர் 27-ல் 'இல்லம் தேடிக் கல்வி' விழுப்புரம் ஜில்லாவில் தொடங்கிற்று. ஊரிலேயே படித்த பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்கால வேளையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் குழந்தைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கும் உடனே கட்சி வர்ணம் பூசப்பட்டது. மத்திய சர்க்காரின் புதிய கல்விக் கொள்கை பின்வாசல் வழியே நுழைகிறது என்று திராவிடர் கழகத் தலைவர் வீரமணியும், ஆளுங்கட்சியின் நேசக் கட்சியினரும் எச்சரித்தார்கள். எச்சரிப்பது அவர்கள் உரிமை. ஆனால் கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்னும் மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை நேரில் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் கண்ட பெரும் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் ஈடாயிற்று; அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு சாயங்கால வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள். முக்கால் பங்கு வேறெங்கிருந்து வந்தது? பள்ளிக் கதவு திறந்ததாலும், உள்ளே ஆசிரியர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கியதாலும் வந்தது. இதைவிடப் பெரிய மருந்தை எந்தக் கட்சியும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சிய மூன்றில் ஒரு பங்கைப் பற்றித்தான் நமது கவலை. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டது. அப்போது அதனிடம் ஆறாம் வகுப்புப் புத்தகம் இருந்தது. படிப்பு எத்தனையாம் வகுப்பில் நின்றுவிட்டது என்பதை யாராவது உட்கார்த்தி வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பெற்றோர்களைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கவேண்டும். 2022-ல் தமிழ்நாட்டில் அவை புதுப்பிக்கப்பட்டன. பல இடங்களில் கையெழுத்து வாங்குவதோடு கூட்டம் முடிகிறது. சூளகிரி வட்டாரத்துப் பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். சுற்றுச்சுவரைப் பற்றியும் குழாயைப் பற்றியும் பேசுங்கள், அவையும் வேண்டியவையே. பிறகு உங்கள் குழந்தையின் கையில் ஒரு பாடத்தைக் கொடுத்து எல்லோரும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறினால் உபாத்தியாயரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். என்ன செய்யலாம், வாரத்தில் எத்தனை சாயங்காலம் ஒதுக்கலாம் என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாராயினும் அவரிடமும் இந்த ஒரு கேள்வியைப் போடுங்கள். மறு கட்சியைக் குறை சொல்லாமல் அவரால் பதில் சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள்.

அன்று ஐந்து வயதாயிருந்த அக்குழந்தைக்கு 2033-ல் வாக்குரிமை வரும். வாக்கு இயந்திரத்தில் பெயரும் இருக்கும், சின்னமும் இருக்கும். அவன் பெயரைப் படித்துப் பொத்தானை அழுத்துவானா, சின்னத்தை மட்டும் பார்த்து அழுத்துவானா என்பதை, இப்போது நாம் கூட்டும் சாயங்கால வகுப்புகள் தீர்மானிக்கும்.