எண்ணூர்க் கழியின் விருந்தாளிகள்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக வடக்கே போகிறவர்கள் லாரிகளையும் ஆலைப் புகைபோக்கிகளையுமே காண்கிறார்கள். அதற்கப்பால், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழியில், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து இறங்குவது எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்திய ஆசியாவிலிருந்தும் ஸைபீரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் உள்ளான் இனப் பறவைகளே அவை. கஸாக்ஸ்தானத்துப் புல்வெளிகள் மழை குறைந்த வறண்ட பிரதேசம். ஆயினும் அங்கே உவர் நீரான தெங்கிஸ் ஏரியில் பூநாரை குஞ்சு பொரிக்கிறது. அருகிலுள்ள நன்னீர் ஏரிகளின் நாணற் காடுகளில் வேறு பறவைகள் கூடு கட்டுகின்றன. 2008-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்த ஏரிகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. பல தரப்பட்ட நீரும் பல வகைச் செடிகளும் சேர்ந்திருந்தால்தான் பல வகைப் பறவைகள் வாழும் என்பது இதனால் விளங்குகிறது.

எண்ணூரிலும் கணக்கு அதுவே. ஆழமான நீரில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் பிடிக்கின்றன. வற்றத்தில் வெளிப்படும் சேற்றில் உள்ளான் புழுவைத் தேடுகிறது. அலையாத்தி மரத்தில் கொக்கு அடைகிறது. அதன் வேர்களினிடையே இறால் குஞ்சு வளர்கிறது. பறவைக்கு இரை தரும் இக்கழிதான் காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவருக்கும் சோறு போடுகிறது.

இந்தக் கழிக்கு நாம் செய்திருப்பது என்ன? அனல் மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் படிந்து கழி மேடாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து கலந்தது. எண்ணெய் அப்பிய இறகுகளுடன் கூழைக்கடாக்கள் தவித்ததை நாடே பார்த்தது. மீனவரின் வலையும் படகும் பாழாயின.

அலையாத்தி நட வேண்டும் என்பது நல்ல யோசனையே. ஆனால் வெறும் சேறு என்றெண்ணித் திடல் முழுவதும் ஒரே மரத்தை நட்டுவிட்டால், திறந்த வெளியை நாடும் உள்ளானுக்கு இடம் ஏது? முதலில் சாம்பலை அகற்றி நீரோட்டத்தைச் சீராக்க வேண்டும். அலையாத்தி வளரும் இடத்தில் அலையாத்தியும், உமரி வளரும் இடத்தில் உமரியும் இருக்கட்டும். சேற்றுத் திடல் சேற்றுத் திடலாகவே இருக்கட்டும். இனி ஒரு பிடி சாம்பலோ ஒரு சொட்டு எண்ணெயோ கழியில் விழாதபடி சர்க்கார் கண்டிப்புக் காட்ட வேண்டும்.

தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பறவை இரை தேட முடியாத நீரில் மனிதனுக்கு மட்டும் மீன் கிடைத்துவிடுமா? அதிகாரிகள் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள்.