குழாயை மறைத்தேன், துளையையும் மறைத்தேன்!

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலில் ரப்பர் செருப்போடு கல்யாணத்துக்குப் போனால் எப்படி இருக்கும்? எங்கள் கூடத்துக் கடல்மீன் தொட்டியும் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாய் இரண்டு கோமாளி மீன்கள், நாலு நீல டாம்சல், மீசை நீண்ட இறால் ஒரு ஜோடி. இத்தனை அழகுக்கும் பின்னால் வெள்ளை வெளேரென்று இரண்டு பி.வி.சி. குழாய்! "என்ன அண்ணி, ஆஸ்பத்திரியில் டியூப் மாட்டின மாதிரி இருக்கே?" என்று நாத்தனார் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்தக் குழாய்களுக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. சீப்புப் பல் போல வெட்டிய அதன் மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் வழிந்து, ஒரு குழாயில் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டியதும் பம்பு அதை இன்னொரு குழாயில் மேலே ஏற்றும். இந்த ஏறுகுழாயின் வாய் தண்ணீருக்குள் 4 அங்குல ஆழத்தில் இருந்தது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மிளகு அளவில் ஒரு துளை போட்டிருந்தான் என் பெரியவன். "அம்மா, இதை மட்டும் அடைச்சுடாதே" என்று அன்றைக்கே சொன்னானாம். என் காதில் விழவில்லை.

ஒருநாள் அவன் கல்லூரிக்குப் போயிருந்த சமயம், பம்பை நிறுத்திவிட்டுக் குழாயைக் கழற்றினேன். கடல் தொட்டிக்கென்றே விற்கிற இரண்டு பாகப் பசையைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, குழாய் முழுக்க அப்பி, மேலே தொட்டி மணலைத் தூவி அழுத்தினேன். பாறை மாதிரியே வந்தது! வீட்டுக்காரர்கூட "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அடுத்த வாரம் ஒரு ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போயிற்று. பம்பு நின்றதும் ஏறுகுழாயில் இருந்த தண்ணீர் கீழே இறங்க, மேல் தொட்டித் தண்ணீரும் அதன் பின்னாலேயே இறங்கிற்று. ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சிவிட்டு டிரம்மிலிருந்து தண்ணீர் எடுப்போமே, அதே கதைதான். அந்தத் துளை திறந்திருந்தால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து ஓட்டம் அறுந்திருக்கும். நான்தான் அதைப் பசையால் பூசி வைத்திருந்தேனே! குழாயின் வாய் வெளியே தெரிகிற வரை, 4 அங்குலத் தண்ணீரும் இறங்கிவிட்டது.

எங்கள் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதில் 1 அங்குலம் இறங்கினாலே சுமார் 14 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். நாலு அங்குலத்துக்கு 56 லிட்டர். கீழ்த்தொட்டியில் காலியிடம் 20 லிட்டருக்குத்தான். மிச்சம் முழுக்கக் கூடத்தில்!

தரை நாசமானதைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. அலமாரிக்குள் தரையிலேயே எக்ஸ்டென்ஷன் போர்டு கிடந்தது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். விடியற்காலையில் மாமியார் எழுந்து, வாசல் தெளிக்கக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்த சின்னவள் காலில் ஈரம் பட்டு, "அம்மா!" என்று கத்தினாளோ, பிழைத்தோம். அப்போது கரண்ட் வரவில்லை. வீட்டுக்காரர் டார்ச்சோடு ஓடி மெயினை அணைத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

இப்போது போர்டு சுவரில், தொட்டித் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஒயரும் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலேறித்தான் பிளக்குக்குப் போகிறது. ஒயர் வழியே வழிகிற சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும். கசிவு வந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தாயிற்று. ஏறுகுழாயில் ஒருவழி வால்வு போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். சுண்ணாம்பும் பாசியும் படிந்தால் அது சரியாக மூடாது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

குழாயை எப்படித்தான் மறைப்பது? பின்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். உள்ளே ஒரு சொட்டும் படக்கூடாது. வெள்ளைக் குழாய்க்குப் பதில் கறுப்பு நிறக் குழாய் மாட்டினோம். பாதி அசிங்கம் அதிலேயே போயிற்று. முன்னால் சுட்ட பீங்கான் பாறைகளை அடுக்கினேன், குழாயைத் தொடாமல், கை நுழைகிற இடைவெளி விட்டு. ஒட்டிவிட்டால் பின்னால் அழுக்கு சேரும், கழுவவும் முடியாது. சீப்புப் பல்லுக்கு முன்னால் பிளாஸ்டிக் கொடி தொங்கவிடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். ஓர் இலை அடைத்தாலும் பம்பு ஏற்றிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை மேல் தொட்டி வழியும்.

பாறையைக் குழாயோடு செம்புக் கம்பியால் கட்டவே கூடாது. செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு நல்லது என்போம். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு துளி கரைந்தாலும் விஷம். சிலிகான் ஒட்டுவதானால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சரக்கு வேண்டாம். வினிகர் வாடை அடியோடு போகிற வரை காயவிடுங்கள்.

"ராமேஸ்வரம் பக்கம் போனால் பவளத் துண்டு வாங்கி வர்றேன், வச்சு மறைச்சுடலாம்" என்றாள் நாத்தனார். வேண்டவே வேண்டாம் என்றேன். பாறைப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. செத்த துண்டானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டி, அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப் போனதற்கு அதுவே முக்கியக் காரணமாயிற்று. என் குழாயை மறைக்க அங்கிருந்து எடுப்பானேன்?

வேலை முடிந்ததும் பட்டப்பகலில், நாங்கள் எல்லாரும் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே பம்பை அணைத்தோம். துளையில் களக்கென்று காற்று புகுந்து ஓட்டம் நின்றது. கீழ்த்தொட்டியும் வழியவில்லை. பம்பை மறுபடி ஓடவிட்டு, அப்போது கீழ்த்தொட்டியில் நின்ற மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டினேன். பம்பு ஓடும்போது அதற்கு மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை.

பெரியவனின் சிநேகிதன் தன் தொட்டியிலிருந்து ஊதாப்பாசி படிந்த ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டு கொடுத்தான். சுண்ணாம்பு போலக் கெட்டியாகப் படர்கிற பாசி அது. தண்ணீரில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொண்டோம். மூன்று நாலு மாதத்தில் குழாய் மேல் ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாய் வந்து, இப்போது பாதிக் குழாய் ஊதாவாகிவிட்டது. போன மாதம் நாத்தனார் வந்து, "இந்தக் கல் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டாள்!

அந்தப் பாசி துளையையும் அடைக்கப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பல்குத்தும் குச்சியால் அதைக் குத்திவிடுவது என் வேலை.