பூட்டி வைத்த குதிரை

"முதலீடு" என்ற சொல்லை இப்போது எதன் மீதெல்லாம் ஒட்டுகிறார்கள் என்று பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. கடைசியாக அது அமெரிக்காவின் பழைய 'மஸில் கார்' மீது வந்து ஒட்டியிருக்கிறது. டெட்ராய்ட்டில் என்ஜினீயராக இருக்கும் என் சிநேகிதரின் பிள்ளை, வீடு வாங்கச் சேர்த்த பணத்தில் 1970-ஆம் வருஷத்துக் கார் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் பூட்டிவைத்து, பத்து வருஷம் கழித்து விற்கப் போகிறானாம். "ஓட்ட மாட்டாயா?" என்று கேட்டேன். "ஓட்டினால் மதிப்புக் குறைந்துவிடும், மாமா" என்றான். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஜாதிக் கார் யாருக்காகப் பிறந்தது? நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பான்டியாக் பிரிவிலிருந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் 1964-ஆம் வருஷ மாடலில் அந்த விதிக்கு டிமிக்கி கொடுத்தார்கள். டெம்பெஸ்ட் என்ற சாதுவான காரில் 389 கன அங்குல என்ஜினை, 'விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம்' என்ற பட்டியலில், ஏறத்தாழ 300 டாலர் கூடுதல் விலைக்கு நுழைத்துவிட்டார்கள். அதுதான் ஜி.டி.ஓ. பணக்காரருக்கு ஐரோப்பாவிலிருந்து வேகக் கார்கள் வந்துகொண்டுதான் இருந்தன. இதுவோ மாதச் சம்பளக்கார இளைஞனுக்கு. தவணையில் வாங்கி, சனிக்கிழமை ராத்திரிகளில் டயர் தேயத் தேய ஓட்டி, குழந்தை பிறந்ததும் விற்றுத் தொலைக்க வேண்டிய வண்டி! அதைத் துணி போர்த்திப் பூட்டுவது ஜல்லிக்கட்டுக் காளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்துவது போலத்தான்.

"விற்ற விலையைப் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம். 1971-இல் ஹெமி என்ஜின் வைத்து, கூரை மடங்கும் குடா கார்களைப் பிளிமத் கம்பெனி 11 தான் செய்தது. அவற்றில் ஒன்று 2014-இல் ஸியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று. வாஸ்தவம். ஆனால் ஏன் 11? அன்று வாங்க ஆளில்லை, ஐயா! இன்ஷூரன்ஸ்காரர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். புகைக்குச் சட்டம் வந்தது. 1973-இல் எண்ணெய்த் தடை வந்து மிச்சத்தையும் முடித்தது. யாரும் சீந்தாத சரக்கு, சீந்தாத காரணத்தாலேயே அபூர்வமாயிற்று. அதை நாற்பது வருஷம் முன்கூட்டியே கண்டுகொள்ளத் தெரிந்தவன் கார் வாங்க வேண்டியதில்லை. ஜோசியம் சொல்லியே கோடீஸ்வரனாகலாம்.

மற்றக் கார்கள் அபூர்வமல்ல. போர்டு முஸ்டாங், விற்பனைக்கு வந்த இரண்டே வருஷத்துக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. போதாக்குறைக்குப் போலிகள் வேறு. ஆறு சிலிண்டர் காரில் பெரிய என்ஜினைத் திணித்து, பட்டையும் சின்னமும் ஒட்டிவிடுகிறார்கள். வாங்குகிறவன் என்ஜின் எண்ணையும் உடல் எண்ணையும் வைத்துக்கொண்டு ஜாதகப் பொருத்தம் பார்க்கிறான்.

நிலம் நெல் தரும். வீடு வாடகை தரும். பூட்டிய கார் எதைத் தரும்? கொட்டகை வாடகையும் இன்ஷூரன்ஸும் கேட்கும். ஓடாமல் நின்றால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாக உறையும். 2006, 2007-இல் உச்சிக்குப் போன விலைகள் 2008 நெருக்கடியில் விழுந்தன. அவற்றைத் தூக்கிப் பிடித்ததும் இரும்பல்ல, இளமை ஞாபகம். 1968-இல் பதினெட்டு வயதாயிருந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய ஏக்கத்தை அவர்களுடைய பேரன் எதற்காக விலை கொடுத்து வாங்குவான்?

இத்தனைக்கும் பதிலாக, 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய 1968-ஆம் வருஷத்து முஸ்டாங்கை என் முகத்தில் வீசுவார்கள். 1974-இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஏலத்தில் 34 லட்சத்துக்கு விழுந்தது. வாங்கினவர் கொடுத்தது 37 லட்சத்து 40 ஆயிரம். வித்தியாசம் ஏலக்காரரின் கட்டணம். சரி, அந்தக் குடும்பம் அதை எப்படி வைத்திருந்தது? 1977-இல் மக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை. லாபக் கணக்குப் போட்டா? இல்லை, அது அவர்கள் வீட்டுக் கார். அந்த வீட்டு அம்மாள் பள்ளிக்கூட உபாத்தியாயினி. தினமும் அதில்தான் பாடம் நடத்தப் போய்வந்தாள்.