ஒரே பிளான், ஒரே மோடம்... ஸ்பீடு மட்டும் ஏன் வேற? செம்புக் கம்பி விடைபெறும் நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

திருச்சி தில்லை நகரில் ஒரு வீடு, ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே லேண்ட்லைன் பிராட்பேண்ட் பிளான், ஒரே மோடம், ஒரே மாதக் கட்டணம். ஆனால், ஒரு வீட்டில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது. இன்னொரு வீட்டில் திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ஏன்?

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டா ஒன்' சேவையைத் தொடங்கிய நாள் முதல் பலர் கேட்ட கேள்வி இது. இப்போது செம்புக் கம்பிகளின் இடத்தில் ஃபைபர் வந்துகொண்டிருக்கிறது. பழைய கம்பியைக் கழற்றுவதற்கு முன், அது என்ன செய்தது, எதில் தோற்றது என்று தெரிந்துகொள்வது நல்லது. அடுத்த கனெக்‌ஷனில் நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

பேசுவதற்குப் போட்ட கம்பி

டெலிபோன் லைன் என்பது முறுக்கிய இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள். மனிதக் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று கணக்குப் போட்டே தொலைபேசி அமைப்பு உருவானது. எக்ஸ்சேஞ்ச் அந்தக் குரலை நொடிக்கு 64 கிலோபிட் டிஜிட்டல் தகவலாக மாற்றும். 'கீ...க்ர்ர்' என்று கத்திய பழைய டயல்-அப் மோடம் 56 கிலோபிட்டைத் தாண்டாததற்கு அதுதான் காரணம். அந்தத் தடை கம்பியில் இல்லை, எக்ஸ்சேஞ்ச் போட்ட எல்லையில் இருந்தது.

அந்த எல்லையைத் தவிர்த்தால்? அதுதான் டி.எஸ்.எல். வீட்டிலும் எக்ஸ்சேஞ்சிலும் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து, கீழ் அலைவரிசையைப் பேச்சுக்கும் மேல் அலைவரிசையை இணையத்துக்கும் பிரித்தார்கள். பேசிக்கொண்டே நெட் பார்க்க முடிந்தது இதனால்தான்.

256 சிறு பாதைகள்

ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பம் சுமார் 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை 256 சிறு பாதைகளாகப் பிரிக்கிறது. மோடத்தை ஆன் செய்ததும் டி.எஸ்.எல். விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டுமே, அப்போது அது சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு பாதையிலும் சத்தம் எவ்வளவு, சிக்னல் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கிறது. சுத்தமான பாதையில் ஒரே தவணையில் 15 பிட் வரை ஏற்றும். இரைச்சலான பாதையில் 2 பிட்தான். மோசமான பாதையை அப்படியே விட்டுவிடும். இப்படி நொடிக்கு 4,000 தவணை. பின்னர் வந்த ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் பாதைகளை 512 ஆக்கியது. வேகம் 24 எம்.பி.பி.எஸ். வரை போனது.

இங்கே 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

தூரம்தான் வில்லன்

அலைவரிசை உயர உயர, செம்புக் கம்பி அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து 1 கி.மீ.க்குள் 20 எம்.பி.பி.எஸ்.ஸைத் தொடும் லைன், 5 கி.மீ. தள்ளிப் போனால் ஒன்றிரண்டு எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கிவிடலாம். மேல் பாதைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போவதுதான் காரணம்.

இந்தத் தூரம் கூகுள் மேப்பில் நேர்கோடு போட்டுப் பார்க்கும் தூரம் அல்ல, கம்பியின் நீளம். கம்பி தெரு வழியாகத்தான் போகும். ஸ்ரீரங்கம் போல, கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள் அமைந்த ஊரில் தெற்கிலிருந்து வடக்குக்குப் போக வேண்டுமென்றால் மனிதர் மட்டுமல்ல, கேபிளும் சுற்றித்தான் போக வேண்டும்.

இதோடு, ஒரே கேபிளுக்குள் நெருக்கியடித்து ஓடும் பக்கத்து வீட்டு லைன்களின் சிக்னல் கசிவு, மழையில் ஈரம் இறங்கிய ஜாயின்ட், துருப்பிடித்த பில்லர் பாக்ஸ் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கேபிள் தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறினாலும், ஜாயின்ட்டைச் சரிசெய்ய லைன்மேன் வேண்டும். 2020 ஜனவரி இறுதியில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,000 பேர் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். அடுத்த சில மாதங்களில் ஊரே வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியது.

ஃபைபர் வந்தால் எல்லாம் சரியாகிடுமா?

வேகப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். கண்ணாடி இழையில் ஒளி பல கிலோமீட்டர் போனாலும் பெரிதாக மங்காது. பக்கத்து இழையின் இரைச்சலும் ஏறாது. ஆனால், செம்பு ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பியிலேயே வீட்டுக்கு வந்தது. கரன்ட் போனாலும் சாதாரண லேண்ட்லைன் போன் வேலை செய்ததற்கு அதுதான் காரணம்.

ஃபைபரில் ஒளி மட்டுமே வரும். வீட்டில் உள்ள பெட்டிக்குக் கரன்ட் இல்லையென்றால் நெட்டும் இல்லை, போனும் இல்லை. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, தனியே வசிக்கும் முதியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மழைக்கால இரவில், செல்போனில் சார்ஜும் தீர்ந்திருந்தால், ஆஸ்பத்திரிக்கு அழைக்க என்ன வழி?

ஆகவே, செம்பிலிருந்து மாற்றும் எந்த நிறுவனமும் மூன்று விஷயங்களைச் செய்தாக வேண்டும். முதியவர்கள் வசிக்கும் வீடுகளுக்கு இணைப்போடு சேர்த்தே சிறிய பேட்டரி பேக்கப் கொடுக்க வேண்டும். 'இவ்வளவு வேகம் வரை' என்பதோடு நிற்காமல், குறைந்தபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்று எழுதித் தர வேண்டும். பிராட்பேண்ட் என்பதற்கான அரசின் வரையறையே 2004-ல் 256 கே.பி.பி.எஸ்., 2023-ல் 2 எம்.பி.பி.எஸ். என்று ஏறியிருக்கிறது. அது தரைமட்டம்தானே தவிர, வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்துக்கான அளவுகோல் அல்ல. மூன்றாவது, இழையைக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டுப் போய்விடாமல், பராமரிக்க ஆள் வைக்க வேண்டும். தேர் ஓடும் வீதிகள் உள்ள ஊரில் தலைக்கு மேல் தொங்கும் கேபிள் எத்தனை நாள் தாங்கும்?

பேசுவதற்காகப் போட்ட கம்பியில் பொறியாளர்கள் சினிமாவே ஓட்டிக் காட்டினார்கள். அந்தத் திறமை கடைசியில் சிக்கிக்கொண்டது ஈரமான ஜாயின்ட்டில். புதுக் கனெக்‌ஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: கரன்ட் போனால் போன் பேசுமா? லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்?