எண்ணாமல் பிடிக்க வேண்டாம்: இலங்கைக் குரங்குகள் பற்றிய எமது நிலைப்பாடு

இலங்கைக் குரங்குகளைப் பிடித்து ஏற்றுமதி செய்வதையோ கூட்டமாகக் கொல்வதையோ நாம் ஏற்கவில்லை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு இதைப் பேச உங்களுக்கு என்ன உரித்து என்று சிலர் கேட்கிறார்கள். ஊருக்குப் போன் எடுத்தால், சுகம் விசாரித்த கையோடு குரங்குக் கதைதான் வருகிறது. குரும்பை மிஞ்சுவதில்லை, பப்பாசி பழுப்பதில்லை, கூரை ஓடு தப்புவதில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தோட்டக்காரர் படும் நட்டம் உண்மையானது. இயற்கையை நேசியுங்கள் என்று இங்கிருந்து புத்தி சொல்லி அதை ஈடுகட்ட முடியாது.

ஆனாலும் 2023 ஏப்ரலில் அன்றைய விவசாய அமைச்சர் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையைச் சொன்னபோது, நாட்டில் எத்தனை குரங்குகள் உள்ளன என்பதற்கு நம்பத்தக்க கணக்கு இருக்கவில்லை. அங்குள்ள ஆயிரம் மிருகக்காட்சிசாலைகளுக்காம். ஒவ்வொன்றுக்கும் நூறு குரங்கு எதற்கு? சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு அரசின் குரங்குக் கணக்கெடுப்பு வந்தது. ஐந்தே நிமிடம், அவரவர் வளவில் நிற்பதை அவரவர் எண்ண வேண்டும். மக்களையே எண்ணச் சொன்னதை நாம் வரவேற்கிறோம். முறைதான் பிழை. ஒரே கூட்டம் மூன்று வேலி தாண்டினால் மூன்று தரம் பதிவாகும்; ஆளில்லாத காட்டில் ஒன்றும் பதிவாகாது. வந்த தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேல். அதை வைத்து, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் அபாயத்தில் உள்ளதாகப் பட்டியலிட்ட இந்தக் குரங்கினத்தின் தலைவிதியை எழுதலாமா? குப்பைமேட்டிலும் கோயில் வாசலிலும் குரங்கு பெருத்துத் தெரியும். காடு சுருங்கினாலும் அப்படித்தான் தெரியும். கொழும்பைச் சுற்றி வீட்டுத் தோட்டங்களில் ஒண்டியிருக்கும் இன்னொரு வகையான மேற்கத்தைய ஊதாமுக மந்தியின் நிலை இன்னும் மோசம்.

பொலன்னறுவையில் 1968 முதல் ஆய்வாளர்கள் குரங்குகளை முகம் பார்த்துத் தனித்தனியே அடையாளம் கண்டு, கூட்டம் கூட்டமாகப் பிறப்பையும் இறப்பையும் பதிந்து வருகிறார்கள். பெண்குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறும் என்பதெல்லாம் இப்படிப் பொறுமையாகப் பார்த்ததில் தெரிந்தவை. ஊர்க் கணக்கெடுப்புக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம். ஊருக்கு இரண்டு இளைஞர், மாதாமாதம் அதே பாதை, அதே நேரம், சம்பளத்தோடு. எந்தக் கூட்டம், எத்தனை குட்டி, எந்தத் தோட்டத்தில் எவ்வளவு அழிவு என்று ஒரே கொப்பியில் எழுதினால் நட்டஈட்டுக்கும் அதுவே ஆதாரமாகும். குரங்குகளைப் பிடித்துக்கொண்டுபோய் இன்னொரு ஊரில் விடுவது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம்.

கொழும்பைக் கேட்கும் நாம் ஒட்டாவாவையும் கேட்க வேண்டும். ரொறன்ரோ மாநகரம் வீட்டில் ஒரு குரங்கு வளர்ப்பதைத் தடைசெய்கிறது. 2012 டிசம்பரில் நோர்த் யோர்க் ஐக்கியா கடையடியில் குளிரங்கியோடு நின்ற குரங்குக் குட்டியை இங்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் 2022இல் அழியும் அபாயப் பட்டியலில் ஏறிய நீள்வால் குரங்குகள் ஆய்வுகூடங்களுக்காகக் கம்போடியாவிலிருந்து கனடாவுக்கு விமானத்தில் வந்தன. இந்த இறக்குமதி நிற்க வேண்டும்.

இங்குள்ள ஊர்ச்சங்கங்களிடம் ஒரு கோரிக்கை: குரங்குத் தொல்லைக்கென்று காசு கேட்டு வந்தால் கண்காணிப்பாளர் சம்பளத்துக்கும் தோட்டக் காவலுக்கும் கொடுங்கள். கூண்டுக்கும் துவக்குக்கும் நாம் ஒரு சதமும் சேர்த்துக் கொடுக்க மாட்டோம்.